ஆள் நாலு, நாள் முப்பது

"துவரம் பருப்பு" என்று அட்டையைப் பார்த்து வாசித்தேன்.

"கார்டுல எவ்வளவு நிக்குது?" என்று கேட்டார் வீட்டுக்காரர். ஸ்டோர் ரூம் கதவுக்கு வெளியே, பிளாஸ்டிக் நாற்காலியில், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்திருந்தார்.

"ஆறு கிலோங்க."

"ரேக்குல?"

ஒரு கிலோ பாக்கெட்டுகளை எண்ணினேன். "ஆறு இருக்குதுங்க."

"டிக் போடு. அடுத்தது."

அவருக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்து ஐந்தாம் நாள் அது. குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, தலைக்கு ஊற்றக் கூடாது, முக்கியமாகத் தூசி படக் கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். வெளியே ஆடிக் காற்று தெருப்புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. ஆனால் ஆடி முதல் வாரம்தான் எங்கள் வீட்டில் இருப்பு சரிபார்க்கும் வாரம். கண் போனாலும் அது தள்ளிப் போகாது. அதனால்தான் அன்றைக்கு நான் உள்ளேயும் அவர் வெளியேயும் இருந்தோம். அந்த அறை ஸ்டோர் ஆனபிறகு நான் உள்ளே நின்று மூச்சு விட்டது அன்றுதான்.

அடுத்தது என்று அவர் சொன்னாரே தவிர நான் நகரவில்லை. அட்டையின் தலையில் சிவப்பு மையில் ஒரு வரி இருந்தது. 'ஆள் 4, நாள் 30.'

"ஏனுங்க, இதுல ஆள் நாலுன்னு போட்டிருக்குது. நம்ம ஊட்ல ரெண்டு பேருதானுங்களே?"

தலையை நீட்டி எட்டிப் பார்த்தேன். கறுப்புக் கண்ணாடி போட்ட முகத்தில் என்னத்தைப் படிப்பது?

சீட்டு இல்லாமல் சீரகம் இல்லை

போன வாரம் இந்தப் பத்தியில் எங்கள் தெருத் தண்ணீர்ச் சண்டையைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, "அந்த நேரத்தில் உங்கள் வீட்டுக்காரர் எங்கே போயிருந்தார்?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். எங்கேயும் போகவில்லை. எத்தனை குடம் நிறைந்தது என்று உள்ளே குறித்துக்கொண்டிருந்தார்.

அவர் பெயர் பழனிசாமி. எழுத்தில் வந்துவிடுகிறது, வாயில்தான் இத்தனை வருஷமாகியும் வரவில்லை. பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு மோட்டார் பம்ப் கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மற்ற ஆண்கள் காலையில் நடக்கப் போனார்கள், கோயில் கமிட்டியில் சேர்ந்தார்கள். இவர் எங்கள் வீட்டுப் பின்னறையைக் காலி செய்து, இரும்பு ரேக் நிறுத்தி, பூட்டுப் போட்டு, சாவியை அரைஞாண் கயிற்றில் மாட்டிக்கொண்டார்.

அரிசி, பருப்பு, ராகி மாவு, கடலெண்ணெய், உப்பு, தண்ணீர் கேன், மெழுகுவத்தி, தீப்பெட்டி, டார்ச் செல், காய்ச்சல் மாத்திரை, பஞ்சு, டெட்டால். எல்லாம் அவசரத்துக்கு.

"என்ன அவசரம் வரப் போகுதுங்க?" என்று கேட்டேன்.

"அது தெரிஞ்சா அதுக்கு எதுக்கு அவசரம்னு பேரு?" என்றார்.

ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு மஞ்சள் அட்டை, ஆணியில் தொங்கும். வந்த தேதி, வந்தது, போனது, நிற்பது என்று நாலு கட்டம். கம்பெனியில் அதை பின் கார்டு என்பார்கள். தலையில், எத்தனை ஆளுக்கு எத்தனை நாள் என்று இருக்கும். அட்டை நிறைந்ததும் புதியதை முன்னால் மாட்டுவார், பழையது பின்னால் அப்படியே தொங்கும். பொருளிலும் பழசு முன்னால், புதுசு பின்னால். கெட்டுப்போகும் தேதிக்கு ஒரு மாதம் இருக்கும்போது பழசு அடுப்படிக்கு வரும், அந்த இடத்துக்குப் புதுசு போகும். இந்த ஏற்பாட்டின்படி எங்கள் வீட்டில் வருஷம் முழுவதும் கிழட்டு ரவையில்தான் உப்புமா.

உள்ளேயிருந்து எதுவும் வெளியே வர வேண்டுமென்றால் சீட்டு எழுத வேண்டும். கேட்டவர், கொடுத்தவர், பெற்றுக்கொண்டவர் என்று மூன்று கையெழுத்து. ஒருநாள் ரசம் கொதித்துக்கொண்டிருக்கும்போது சீரகம் தீர்ந்துபோனது. ஓடிப் போய் நின்றேன்.

"இண்டென்ட்?" என்றார்.

"ரசம் பொங்குதுங்க."

"அடுப்பச் சின்னதா வெச்சுட்டு வந்து எழுது."

என் வீட்டுச் சீரகத்துக்கு நானே விண்ணப்பம் போட்டு, நானே கையெழுத்துப் போட்டு வாங்கினேன். சிரிக்காதீர்கள். கொரோனா வந்து தெருவை அடைத்தபோது, எங்களைப் பார்த்துச் சிரித்த அத்தனை பேரும் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் சீட்டு எழுதிக்கொண்டு முகக்கவசத்தோடு எங்கள் கேட்டில் வரிசையாக நின்றார்கள். யாருக்கும் இல்லை என்று சொல்லவில்லை. 'பெற்றுக்கொண்டேன்' என்பதில் ஒற்றெழுத்தை விட்டவரைத் திருத்தி எழுதவும் வைத்தார்.

உலகத்திலேயே பெரிய பொய்

இந்தப் பைத்தியத்துக்கு ஒரு பூர்வகதை உண்டு. அவர் வேலையில் சேர்ந்த புதிதில், ஒரு பேரிங் உடைந்து ஒரு மிஷின் நின்றுவிட்டதாம். கார்டில் பேரிங் இரண்டு என்று இருந்தது. ரேக்கில் ஒன்றுகூட இல்லை. முந்தைய ஆள் யாரோ எடுத்துக் கொடுத்துவிட்டுக் குறிக்காமல் விட்டிருக்கிறார். அரை நாள் வேலை நின்றது. அத்தனை பேர் முன்னால் தலை குனிந்து நின்றவர் இவர்.

அன்றிலிருந்து அவருக்கு ஒரே வேதம். "கார்டுல இருக்கறது ரேக்குல இல்லீன்னா, அதவிடப் பெரிய பொய் ஒலகத்துல கெடையாது."

எங்களுக்கு ஒரே பெண், சுகன்யா. அவள் ஸ்கூலுக்குப் போகிற வயதில் இவர் பென்சில் பெட்டியைத் திறந்து, "நேத்து ரெண்டு ரப்பர் இருந்துது, இன்னொண்ணு எங்க அம்மணி?" என்பார். அவள் சளைக்க மாட்டாள். ஸ்டோரில் பொருள் எடுத்துக் கொடுப்பதற்குச் சொல்கிற மாதிரியே "இஷ்யூ பண்ணிட்டேனுங்ப்பா" என்பாள். அப்பனும் மகளும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். எனக்கு அந்தச் சிரிப்பில் பங்கு கிடைத்ததே இல்லை.

கம்பெனியில் அவர் வாயால் நல்லவன் என்று பெயர் வாங்கியவர்கள் குறைவு. கடைசி வருஷங்களில் ஒரு பெயரை மட்டும் அடிக்கடி சொல்வார். மெயின்டனன்ஸில் வேலை பார்த்த அருள். "இண்டென்ட்ட அடிச்சுத் திருத்தாம எழுதற ஒரே பையன். வாங்குனா எண்ணி வாங்குவான்." ஓய்வு பெற்ற அன்று மாலையும் சந்தனமுமாக அவரை வேனில் கொண்டுவந்து விட்டவர்களில் அந்தப் பையனும் இருந்தான். வந்தவர்களுக்கெல்லாம் காப்பி கொடுத்தவள் சுகன்யா.

எத்தனை டம்ளர் போனது, எத்தனை திரும்பி வந்தது என்று அன்றைக்கு மட்டும் இவர் எண்ணாமல் விட்டுவிட்டார்.

பெயர் சொல்லாத வீடு

இரண்டு வருஷம் கழித்து, அருளைத்தான் கட்டிக்கொள்வேன் என்று வந்து நின்றாள். பையனுக்கு என்ன குறை என்று யாரும் கேட்கவில்லை, குறை இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். அவர்கள் வேறு சனம், வேதக்கோயிலுக்கு, அதாவது சர்ச்சுக்குப் போகிறவர்கள். அருளின் தாத்தா, எங்கள் சித்தப்பா தோட்டத்தில் பண்ணையத்துக்கு ஆளாக இருந்தவர். அதுதான் காரணம். வேறு ஏதாவது காரணம் எழுதினால் அது பொய்யாகிவிடும்.

"இனி இந்த ஊட்ல அவ பேரு சொல்லப்படாது" என்றார் இவர். சீட்டு இல்லை, கையெழுத்து இல்லை, அப்படியே உத்தரவு.

அவரை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு நான் நல்லவளாகிவிட மாட்டேன். அருள் வீடு இருக்கும் தாராபுரத்தில் அவர்கள் கல்யாணம் நடந்த அன்று நான் போகவில்லை. முதல் ஒரு மாதம் அவள் போன் அடித்தபோதெல்லாம் அது அடித்து ஓய்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். சொந்தக்காரர் வாய்க்குப் பயந்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் ஆத்திரம் வருகிறது.

அப்புறம் தாளவில்லை. மாசாணியம்மனுக்கு வேண்டுதல் என்று சொல்லி ஆனைமலைக்குப் பஸ் ஏறினேன். அவளை அங்கே வரச் சொல்லியிருந்தேன். நியாயம் கேட்டு வருகிறவர்கள் அந்தக் கோயிலில் மிளகாய் அரைத்துக் கல்லில் பூசுவார்கள். எனக்கு முன்னால் ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே அரைத்துக்கொண்டிருந்தார். நான் யாருக்கு எதிராக அரைப்பது? கட்டினவருக்கா, பெற்ற மகளுக்கா, எனக்கேவா? அரைக்காமல் வந்து மகளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அதன்பிறகு எனக்கு வேண்டுதல்கள் அதிகமாகிவிட்டன.

இந்த வருஷம் சித்திரையில் அவள் உண்டாகியிருக்கிறாள் என்று போனில் தெரிந்தது. அப்போதே நாலு மாதம் என்றாள். சந்தோஷப்பட்ட கையோடு மாதங்களை எண்ணத் தொடங்கினேன். எங்கள் பக்கத்தில் ஒன்பதாம் மாதம் கட்டுச்சோறு என்று ஒன்று உண்டு. பெற்றவர்கள் ஏழு வகைச் சோறு கட்டிக்கொண்டு மகள் இருக்கும் வீட்டுக்குப் போய், விருந்து போட்டு, பிரசவத்துக்கு அவளைத் தாய்வீட்டுக்குக் கூட்டிவர வேண்டும். தாய் தகப்பன் இரண்டு பேரும் போக வேண்டும்.

"யாரும் வராட்டிப் பரவால்லீங்மா" என்றாள் சுகன்யா. "அவுங்க அம்மாவே செஞ்சுபோடறேங்கறாங்க. பிரசவமும் இங்கயே பாத்துக்கலாம்."

குரலில் ஒன்றும் இல்லாத மாதிரி சொன்னாள். அப்பனிடம் படித்த குரல் அது. ஆடி பிறந்தபோது அவளுக்கு ஏழு மாதம். எனக்கு மீதி இருந்தது இரண்டு மாதம்.

பழைய அட்டைகள்

இப்படியிருக்கும்போதுதான் நான் அந்த அறையில், கையில் பென்சிலோடு, ஆள் நாலு என்ற அட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

முதலில், கணக்கில் தப்பு என்று நினைத்தேன். அரிசி அட்டையைப் பார்த்தேன், ஆள் 4. ராகி மாவு, ஆள் 4. சோப்பு, ஆள் 4. அவர் வாழ்நாளில் இத்தனை தப்புச் செய்ததில்லை.

பருப்பு அட்டைக்குப் பின்னால் தொங்கிய பழைய அட்டைகளைப் புரட்டினேன். எல்லாவற்றுக்கும் பின்னால் இருந்ததில் ஆள் 3. அது நாங்கள் மூன்று பேராக இருந்த காலம். அதற்கு அடுத்தது, அவள் கல்யாணம் முடிந்து வந்த முதல் ஆடியில் எழுதியது. இந்த வீட்டில் அவள் பெயரைச் சொல்லக் கூடாது என்று அவர் தட்டை நகர்த்திவிட்டு எழுந்துபோன அதே வருஷம்.

அதிலும் ஆள் 4.

எல்லா அட்டையையும் பார்த்தேன். இரண்டு என்று ஒன்றில்கூட இல்லை.

கீழ்த்தட்டின் கடைசியில், செய்தித்தாளில் சுற்றி நூல் கட்டிய ஒரு பொட்டலம் இருந்தது. அதன் அட்டையில் பொருளின் பெயர் எழுதவில்லை, 'அவசியம்' என்று மட்டும் இருந்தது. பிரித்தேன். சுகன்யா வாங்குகிற நாப்கின் பாக்கெட்டுகள். எனக்கு அதெல்லாம் நின்று பத்து வருஷத்துக்கு மேலாகிறது. அட்டைப்படி வருஷத்துக்கு ஒருமுறை பழசு வெளியே போயிருக்கிறது, புதுசு உள்ளே வந்திருக்கிறது. வீட்டு வேலைக்கு வரும் பெண், "ஐயா எம்புள்ளைக்குக் குடுத்தாருங்க" என்று ஒருநாள் சொன்னது அப்போதுதான் எனக்கு விளங்கியது. மெடிக்கல் ஷாப்பில் நின்று, அவள் வாங்குகிற அதே கம்பெனிப் பெயரைச் சொல்லி, இவர் கேட்டு வாங்கியிருக்கிறார்.

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"என்ன, சத்தத்தையே காணோம்?" என்றது வெளியே இருந்து குரல். "அடுத்தது படி, சரசு."

எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. மூன்று வருஷமாக ஒரே கூரையின் கீழ், அவருக்குத் தெரியாமல் நான் கோயில் கோயிலாக ஏறினேன். எனக்குத் தெரியாமல் அவர் சோப்பை நாலு பேருக்கு அடுக்கியிருக்கிறார். பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டே சொன்னேன்.

"கணக்கு டேலி ஆகலீங்க."

"எதுல?"

"கார்டுல நாலு ஆளு இருக்குது. ஊட்ல ரெண்டுதான் இருக்குது. கார்டுல இருக்கறது ரேக்குல இல்லீன்னா அதுக்கு என்னமோ பேரு சொல்லுவீங்களே, என்னங்க அது?"

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டே முன்கட்டுக்குப் போய்விட்டார்.

இன்னொருக்கா படி

அன்றைக்கு முழுவதும் முன்கட்டிலேயே உட்கார்ந்திருந்தார். கண்ணில் சொட்டு மருந்து விடும்போது மட்டும் தலையைச் சாய்த்துக் கொடுத்தார். மருந்து விடாத கண்ணும் ஈரமாக இருந்தது. நான் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் காப்பியை வாங்கிக்கொண்டு, சன்னலைப் பார்த்துச் சொன்னார்.

"கட்டுச்சோத்துக்கு எத்தன சோறு?"

என் டம்ளரைக் கீழே வைத்தேன். "உங்களுக்கு யாருங்க சொன்னது?"

"நீ போன்ல ரகசியம் பேசறது முக்குக்கடை வரைக்கும் கேக்குது." ஒரு வாய் குடித்தார். "ஏழு சோத்துக்கு என்னென்ன வேணும்னு இண்டென்ட் எழுது. ஸ்டோர்லருந்து போவட்டும்."

"அது அவசரத்துக்கு வெச்சதுங்களே?"

"நீ எழுது."

எழுதினேன். பொன்னி அரிசி, துவரம் பருப்பு, புளி, எள்ளு, கடலெண்ணெய், வெல்லம். கேட்டவர் என்ற இடத்தில் என் பெயர். எதற்கு என்ற இடத்தில் கட்டுச்சோறு. யாருக்கு என்ற இடத்தில் எழுதிவிட்டு அவரிடம் நீட்டினேன்.

"கண்ணு தெரியல. படி."

பொருளையெல்லாம் படித்தேன். கடைசி வரிக்கு வந்தேன். "யாருக்கு. சுகன்யா."

அந்த வீட்டில் மூன்று வருஷத்துக்கு அப்புறம் அந்தப் பெயர் சத்தமாக விழுந்தது.

"சரியாக் கேக்கல" என்றார். "இன்னொருக்கா படி."

அவருக்குக் கண்ணில்தான் ஆபரேஷன், காதில் இல்லை. இன்னொரு முறை படித்தேன்.

கொடுத்தவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டார். எப்போதும் அச்சடித்தது போல இருக்கும் கையெழுத்து, அன்றைக்குக் கோட்டைத் தாண்டிச் சரிந்திருந்தது.

ஒன்பது பாத்திரம்

ஒன்பதாம் மாதம் பிறந்து ஒரு நல்ல நாளில், வாடகைக் கார் பிடித்துத் தாராபுரம் போனோம். அதற்குள் அவர் இரண்டாவது கண்ணுக்கும் ஆபரேஷன் முடித்து, மறுபடியும் அதே கறுப்புக் கண்ணாடியில் இருந்தார். புளிச்சோறு, தேங்காய்ச்சோறு, எள்ளுச்சோறு என்று ஏழு தூக்குப்போசி, வடைக்கு ஒன்று, இனிப்புக் கச்சாயத்துக்கு ஒன்று. ஆக ஒன்பது. பல்லடம் வரைக்கும் அவர் போசிகளையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தார். அதற்கப்புறம், "தயிர்ச்சோறு மேல வெயில் அடிக்குது பாரு" என்றார்.

கார் நின்றதும் அருள்தான் ஓடி வந்தார். "சார், நீங்க குனியாதீங்க, நான் எடுக்கறேனுங்க சார்" என்று ஒவ்வொன்றாக இறக்கி வைத்தார். வாய்க்குள் எண்ணிக்கொண்டே இறக்கியதை நான் பார்த்தேன், இவரும் பார்த்தார். அருளின் அம்மா ஒரு செம்பில் தண்ணீரோடு வந்தவர், நீட்டலாமா கூடாதா என்று தயங்கி வாசற்படியிலேயே நின்றுவிட்டார். இவர் நாலு எட்டு நடந்து போய், செம்பை வாங்கி முழுதும் குடித்தார்.

"இன்னங் கொஞ்சம் குடுங்கம்மா. நல்ல வெயிலு."

சுகன்யா கதவைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வயிறு அவளுக்கு முன்னால் வந்தது. "வாங்கப்பா" என்றாள். அதற்குமேல் அவளால் ஆகவில்லை. இவருக்கோ அதுவும் ஆகவில்லை. சட்டைப் பையில் கையை விட்டு நாலாக மடித்த சீட்டை எடுத்துப் பிரித்து, பேனாவோடு அவளிடம் நீட்டினார்.

"வாங்குனவங்க கையெழுத்து வேணும் அம்மணி."

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். சீட்டைச் சுவரில் வைத்து, பெற்றுக்கொண்டவர் என்ற இடத்தில் எழுதிக் கொடுத்தாள்.

எங்கள் பக்கம் கல்யாணம் ஆனால் பெண்ணுக்கு இனிஷியல் மாறிவிடும். எனக்கு மூன்றாம் நாளே மாறியது. இவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, சீட்டை மூக்குக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார். நானும் தோளுக்கு மேலாகப் பார்த்தேன். அருளின் 'அ' இல்லை, 'ப. சுகன்யா' என்று இருந்தது.

ரொம்ப நேரம் பார்த்தார். இத்தனை வருஷத்தில் எந்தச் சீட்டையும் கோப்பில் போடாமல் விட்டதில்லை அவர். இதை மட்டும் மடித்து மறுபடியும் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மூக்கை உறிஞ்சிவிட்டு, அருளின் பக்கம் திரும்பினார்.

"கெளம்பறப்ப எல்லாத்தையும் எண்ணிக் காருல ஏத்தோணும். பாத்திரம் ஒம்பது."

"சரிங்க சார். ஒம்பது."

"ஆளு நாலு."

அருள் எங்களைப் பார்த்தார். நான், இவர், சுகன்யா. தன்னை விட்டுவிட்டு, விரலை மடித்து இன்னொரு முறை எண்ணினார். "மூணுதானுங்களே சார்?"

"நாலுங்க மாப்பிள்ளை" என்றார் என் வீட்டுக்காரர். "கார்டுல அப்பிடித்தான் இருக்குது."